மோதிரச் சால்வையும் நெசவாளர் கடமையும்

நூல் வாங்கும் நெசவாளர் எவரும் அதன் நம்பரைக் கேளாமல் வாங்குவதில்லை. எந்த ஆலையின் நூல், சிட்டத்தில் எடை சரியாக உள்ளதா, சாயம் நிற்குமா என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னரே பாவு ஓடுவது வழக்கம். ஆயினும், அம்மூலப்பொருள் எங்கே, எவ்வாறு, எவர் கையால் உண்டாயிற்று என்னும் கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். பருத்தியைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு அவ்வளவு தேவையில்லை. அதனை விளைவிப்போரும் நம்மிடையேதான் வாழ்கின்றனர். ஆனால், இந்தியாவின் வடகோடியில் நம்மைப் போன்ற கைத்தறித் தொழிலாளர் பல்லாயிரவர், அக்கேள்வியைக் கேட்க வாய்ப்பின்றியே, தலைமுறை தலைமுறையாக ஓர் உரோமத்தை நூற்றும் நெய்தும் வந்தனர். இறுதியில் அவ்வுரோமமே அவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தியது. காஷ்மீரத்து ஷாதூஷ் சால்வையின் வரலாறு அது.

வனவிலங்குகளை வேட்டையாடுவதையும், அவற்றின் தோல், கொம்பு, பல், உரோமம் முதலியவற்றை விற்பதையும் தடுக்கும் சட்டங்கள் காட்டோரத்தில் வாழ்வோர்க்கே உரியவை என எண்ணுவோர் பலர். அவை தறிக்கும் களத்துமேட்டுக்கும் உரியவை என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது. ஆதலின், அங்கத்தினர்கள் இதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

உரோமமும் மானும்

ஷாதூஷ் என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கம்பளிகளின் அரசன் என்பது பொருள். பெயருக்கு ஏற்ற பொருள்தான் அது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். ஷாதூஷ் உரோமத்தின் பருமன் ஏறக்குறைய 10 முதல் 12 மைக்ரான். நம் தலைமயிரின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. இவ்வுரோமத்தால் நெய்த முழுச் சால்வையையும் விரல் மோதிரத்தினுள் நுழைத்து மறுபுறம் இழுத்துவிடலாம் என்பர். அதனாலேயே இதற்கு மோதிரச் சால்வை என்னும் பெயரும் வழங்கிற்று. இத்துணை மென்மையான உரோமத்தை அறாமல் நூற்று, அறாமல் நெய்யும் கைத்திறன் ஏறத்தாழ முழுவதும் காஷ்மீரிலேயே தங்கியிருந்தது.

இவ்வுரோமத்தைத் தரும் விலங்கு சிரு எனப்படும் திபெத்திய இரலை மான். கடல்மட்டத்திற்கு மேல் நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், மரமே முளைக்காத திபெத்தியப் பீடபூமியில் அது வாழ்கின்றது. கோடையில் ஒரு சிறு தொகை நம் நாட்டு லடாக்கின் கிழக்கெல்லைக்கும் வந்து செல்வதுண்டு. எலும்பை உறைய வைக்கும் குளிரைத் தாங்குவதற்கென இயற்கை அதற்கு அளித்த உள்ளாடையே இந்த உரோமம். மேலே முரட்டுக் காப்புமயிரும், அதனடியில் இம்மெல்லிய உரோமமும் அமைந்துள்ளன.

ஒரு மானிடமிருந்து கிடைப்பது 125 முதல் 150 கிராம் வரையிலான உரோமமே. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்களின் உரோமம் வேண்டும். சிரு, ஆட்டைப்போல் பட்டியில் அடைத்துக் கத்தரிக்கக்கூடிய பிராணி அன்று. மனிதரைக் கண்ட மாத்திரத்தில் ஓடும் காட்டு விலங்கு. ஆகவே, அதனைக் கொன்று, தோலை உரித்து, தோலிலிருந்து உரோமத்தைப் பிடுங்கி எடுக்கின்றனர். ஷாதூஷ் உரோமம் கிடைக்கும் வழி இஃது ஒன்றே.

இவ்விடத்தில் பட்டு நெசவாளர் ஒருவர் ஓர் ஐயத்தை எழுப்பலாம்: பட்டும் புழுவைக் கொன்றுதானே எடுக்கப்படுகின்றது? உண்மையே. ஆயினும் பட்டுப்புழு மனிதர் மல்பெரி பயிரிட்டு, முட்டை காத்து, தட்டில் வைத்து வளர்ப்பது. கூடுகளில் ஒரு பகுதியை விதைக்கென ஒதுக்கி, அடுத்த தலைமுறைக்கு வளர்ப்போரே வழி செய்கின்றனர். சிருவுக்கு விதைக்கூடு ஒதுக்குவார் எவரும் இலர். எடுப்பவர் எடுத்துக்கொண்டே இருந்தார். மீண்டும் வைப்பவர் ஒருவரும் இல்லை.

வியாபாரிகள் பரப்பிய கதை

இவ்வுண்மை நெசவாளர்க்கும், வாங்கி அணிவோர்க்கும் நெடுங்காலம் தெரியவில்லை. கோடையில் மலையாடுகள் பாறைகளிலும் முட்புதர்களிலும் உடலை உரசும்போது உதிரும் உரோமத்தை, இடையர்கள் இழை இழையாகப் பொறுக்கிச் சேர்க்கின்றனர் என்னும் கதையை வியாபாரிகள் கூறிவந்தனர். அஃது ஒரு பறவையின் மார்புத் தூவி என்றுரைத்தாரும் உண்டு. கேட்பதற்கு இனிய கதை. விலை உயர்ந்ததற்கும் அது காரணம் கற்பித்தது. வாங்குவோர் மனச்சான்றையும் அது உறுத்தவில்லை.

அமெரிக்க விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் ஷாலர் 1980-களின் பிற்பகுதியில் திபெத்தியப் பீடபூமியில் ஆராய்ச்சி நிகழ்த்தத் தொடங்கிய பின்னரே உண்மை உலகறிய வெளிப்பட்டது. உரித்த தோல்களின் குவியல்களும், வெட்டவெளியில் விடப்பட்ட உடல்களும் அக்கதையைப் பொய்யாக்கின. வேட்டைக்காரர் மோட்டார் வண்டிகளில் கூட்டமாகச் சென்று, கோடையில் கன்று ஈனுவதற்காகப் பெண் மான்கள் திரளும் இடங்களிலேயே சுட்டனர். தாயை இழந்த கன்றுகள் தாமே மடிந்தன. ஒரு சால்வைக்கு ஐந்து மான்கள் என்னும் கணக்கில் இக்கன்றுகள் சேர்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து இலட்சம் வரை இருந்திருக்கலாம் எனக் கருதப்பட்ட இவ்வினம், 1990-களின் நடுவில் 65,000 முதல் 75,000 வரையே எஞ்சியிருந்ததாக ஷாலர் மதிப்பிட்டார். ஆண்டுதோறும் சுமார் 20,000 மான்கள் கொல்லப்படுவதாகச் சீனத்து வனத்துறை அக்காலத்தில் கணக்கிட்டது. செலவு வரவை விழுங்கும் இக்கணக்கு சில ஆண்டுகளில் எங்கே சென்று முடியும் என்பதைச் சங்கத்தின் ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவர்.

திபெத்திலிருந்து நேபாளம் வழியாகவும், எல்லைக் கணவாய்கள் வழியாகவும் உரோமம் களவாக இந்தியாவுக்குள் வந்தது. அதற்கு ஈடாக இங்கிருந்து புலி எலும்பு அவ்வழியே சென்றது என வனவிலங்குப் பாதுகாப்புத் துறையில் ஈடுபட்டோர் 1990-களில் எடுத்துரைத்தனர். கீழை நாட்டு மருந்துக்கென வாங்கப்படும் எலும்பு ஒரு பக்கம். செல்வர் தோளுக்கென வாங்கப்படும் சால்வை மறுபக்கம். இரண்டு அங்காடிகளும் ஒன்றையொன்று வளர்த்தன.

சட்டம் கூறுவது என்ன?

சிருவைக் காக்க மூன்று நிலைகளில் சட்டம் எழுந்தது. முதலாவது, உலக நாடுகளின் உடன்படிக்கை. அழிந்துவரும் காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. சிரு 1979-இல் அவ்வுடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இடம்பெற்றது. அதன்படி, நாடு விட்டு நாடு ஷாதூஷை வணிகமாக அனுப்புதலும் பெறுதலும் கூடா.

இரண்டாவது, மான் வாழும் சீன நாட்டின் சட்டம். 1989-இல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்கீழ் சிருவுக்கு முதல்தரப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. இப்பாதுகாப்பு உயிர்ப்பலியின்றி நிலைபெறவில்லை. ஹோ சில் பீடபூமியில் வேட்டைக்காரரைப் பிடித்துக் கொண்டுவரும் வழியில், சோனம் தார்ஜே என்னும் வட்டார அதிகாரி 1994 ஜனவரியில் அவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னரே அப்பகுதி காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது, நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சிரு இதன் முதல் அட்டவணையில் உள்ளது. இச்சட்டத்தில் நெசவாளரும் வியாபாரியும் அறிந்திருக்க வேண்டிய கூறுகள் சில உள்ளன. வேட்டையாடுவது மட்டுமன்று, அட்டவணை விலங்கின் உறுப்பிலிருந்து செய்த பொருளை வாங்கி விற்பதும் குற்றமாகும். இத்தகைய பொருள் ஒருவர் வசம் இருப்பது நிரூபிக்கப்பட்டால், அது முறையற்ற உடைமை என்றே கருதப்படும். முறையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உடையவரையே சாரும். முதல் அட்டவணை விலங்கு பற்றிய குற்றத்திற்கு மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஏழாண்டுக்கு மிகாமலும் சிறைத்தண்டனை உண்டு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறைதல் ஆகாது.

தறியில் அமர்ந்திருப்பவரையும் கடையில் அமர்ந்திருப்பவரையும் சட்டம் ஏன் பிடிக்க வேண்டும் எனக் கேட்கலாம். வேட்டை நடைபெறும் நிலமோ பல்லாயிரம் சதுர மைல். அங்கே ஒரு சில காவலர் எவ்வளவு ஓடினும் எல்லைக்குள் அடங்காது. ஆனால் அவ்வளவு உரோமமும் ஒரு குறுகிய வாயில் வழியே புகுந்துதான் பணமாக மாற வேண்டும். அவ்வாயில் காஷ்மீரத்துத் தறி. அணையின் மதகை மூடினால் கால்வாய் முழுவதும் காவல் வேண்டியதில்லை என்பது உழவர் அறிந்ததே.

தண்டனை பெயரளவில் இருந்தால் சட்டமும் பெயரளவிலேயே நிற்கும். 1997-இல் லண்டன் மாநகரில் ஒரு கடையிலிருந்து 138 ஷாதூஷ் சால்வைகளைக் காவல்துறையினர் கைப்பற்றினர். அவற்றின் மதிப்பு மூன்றரை இலட்சம் பவுன். 2000-இல் நீதிமன்றம் விதித்த அபராதமோ 1,500 பவுன் மட்டுமே. இத்தகைய அபராதத்தை வணிகர் வாடகை, கூலி ஆகியவற்றோடு ஒரு செலவினமாக எழுதிக்கொள்வர்.

தறிகள் நின்றபோது

காஷ்மீரில் நிலைமை சிக்கலானது. மத்திய அரசின் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது அங்கே செல்லுபடியாகவில்லை. அம்மாநிலம் 1978-இல் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதில் சிரு முழுத் தடைக்குரிய முதல் அட்டவணையில் சேர்க்கப்படாமல், உரிமம் பெற்று வணிகம் செய்ய இடந்தரும் இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அவ்வுரிம முறையும் ஏட்டளவிலேயே நின்றது. இது குறித்துப் பொதுநல வழக்கு தொடரப்பட்டு, உயர்நீதிமன்றம் 2000-இல் சட்டத்தை நிறைவேற்றுமாறு பணித்தது. 2002-இல் சிரு முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. ஷாதூஷ் நெசவு முற்றிலும் தடையாயிற்று. 2019 அக்டோபர் இறுதி முதல் மத்தியச் சட்டமே அங்கும் நடைமுறையில் உள்ளது.

தடையின் சுமை எவர் தோளில் இறங்கிற்று? தடைக்குப்பின், வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகள் எடுத்த கணக்கில், பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் ஷாதூஷ் தொழிலில் ஈடுபட்டிருந்ததாகத் தெரியவந்தது. காப்புமயிரைப் பிரித்தெடுப்போர், கைராட்டையில் நூற்போர், நெய்வோர், பிசிறு களைவோர், அறுந்த இழையைச் செப்பனிடுவோர், வெளுப்போர் எனப் பலவகையினர் அவர்கள். பிரித்தலும் நூற்றலும் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்த வேலை. வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோன சால்வையில் இவர்கள் பெற்றது நாட்கூலி மட்டுமே. ஆதாயத்தைக் கண்ட வியாபாரி வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார். மாற முடியாதவர் ராட்டையின் முன் இருந்தவரே.

சட்டம் தவறென்று இதனால் கூறுவதற்கில்லை. மான் இனமே அழிந்திருப்பின் அத்தொழிலும் அதனோடு அழிந்திருக்கும்; அழிவு சில ஆண்டுகள் பிந்தியிருக்கும், அவ்வளவே. தடையும் காவலும் வீண்போகவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2000-இல் அழிவுநிலையில் இருப்பதாகக் குறித்த சிருவை, 2016-இல் அந்நிலையிலிருந்து நீக்கி, அபாயத்தை அண்மித்த நிலை எனத் திருத்தியது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மான்கள் இன்று உள்ளன. ஆயினும், தொழிலைத் தடுக்கும் உத்தரவு பிறக்கும் நாளிலேயே தொழிலாளர்க்கு மாற்று வழியும் பிறத்தல் வேண்டும். இரண்டுக்கும் இடையே கழியும் ஒவ்வோர் ஆண்டும் களவுத் தறிக்கு ஆள் சேர்க்கும் ஆண்டே ஆகும். தடைசெய்த சால்வைகள் விமான நிலையங்களில் இன்னும் அவ்வப்போது கைப்பற்றப்படுவது இதற்குச் சான்று.

மாற்று வழி அயலில் இல்லை. லடாக்கின் சாங்தாங் பகுதியில் சாங்பா இடையர் வளர்க்கும் வெள்ளாட்டின் பஷ்மினா உரோமமே அது. அதன் பருமன் 12 முதல் 16 மைக்ரான் வரை. வசந்தத்தில் ஆடு தானே உரோமம் உதிர்க்கும் பருவத்தில், சீப்பினால் வாரி எடுப்பர், ஆட்டுக்குக் கேடில்லை. இவ்விடையர் தமக்கெனக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்து, லே நகரில் விற்பனை நடத்திவருவது நம் கவனத்திற்குரியது. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் நூற்று, கையால் நெய்த, 16 மைக்ரானுக்கு மிகாத உரோமத்திற்கே அக்குறியீடு உரியது. ஸ்ரீநகரில் சோதனைச்சாலை ஒன்று சால்வையை ஆராய்ந்து முத்திரை இடுகின்றது. இயந்திர நூற்பின் போட்டியால் அங்குக் கூலி குறைந்திருப்பதும் உண்மையே. அந்நோயை நாமும் நன்கறிவோம். ஆயினும், சிறை அச்சமின்றிச் செய்யக்கூடிய தொழில் என்னும் உறுதி அங்கே உள்ளது.

ஆண்டீஸ் மலையில் கண்ட வழி

காட்டு விலங்கின் உரோமத்தை அதனைக் கொல்லாமலே நெசவுக்குப் பெற்ற ஒரு நாட்டுக் கூட்டமும் உண்டு. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் விகூனா என்னும் விலங்கு வாழ்கின்றது. ஒட்டகத்தின் சிறிய உறவினம் அது. அதன் உரோமம் 12, 13 மைக்ரான் பருமனே. துப்பாக்கி வேட்டையால் 1960-களில் அதன் தொகை பத்தாயிரத்திற்கும் கீழே இறங்கியது. பெரு நாடு 1967-இல் பாம்பா காலேராஸ் காப்பிடத்தை ஏற்படுத்தியது. 1969-இல் பெருவும் பொலிவியாவும் உடன்படிக்கை செய்துகொண்டு வேட்டையைத் தடுத்தன. அண்டை நாடுகளும் பின்னர்ச் சேர்ந்தன.

தொகை பெருகிய பின்னர், மலைக்கிராமச் சமூகங்கட்கே பொறுப்பும் உரிமையும் அளிக்கப்பட்டன. சாக்கு என்னும் பழைய இன்கா காலத்து முறை புத்துயிர் பெற்றது. ஊர் மக்கள் அனைவரும் நீண்ட கயிற்றைப் பிடித்து வரிசையாக நடந்து, விலங்குகளை ஒரு வேலிக்குள் ஓட்டிச் சேர்த்து, கத்தரித்து, மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். ஒரு விலங்கிற்குக் கிடைப்பது சுமார் 200 கிராம். உயிருடன் கத்தரித்த உரோமத்தை மட்டுமே, குறியிட்டு, விற்கலாம் என்பது சைட்டிஸ் விதி. இன்று விகூனாவின் தொகை மூன்று இலட்சத்துக்கும் மேல். களவு வேட்டை அங்கும் அடியோடு ஒழியவில்லை. உரோமத்திற்கு ஊரார் பெறும் விலையும் அயல்நாட்டுக் கடையில் உடைக்குள்ள விலையும் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் உள்ளன என்னும் மனக்குறையும் உண்டு. ஆயினும், தன் சொத்து என்று கருதும் ஊரைப் போன்ற காவலாளியைச் சம்பளம் கொடுத்து நியமிக்க முடியாது என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

சிருவுக்கு இம்முறை பொருந்தாது. அது வாழும் உயரமும், கூட்டமாகக் கடக்கும் நெடுந்தூரமும், மிரண்டோடும் இயல்பும் இதற்கு இடந்தரவில்லை. எந்த விலங்கிற்கு எவ்வழி பொருந்தும் என்பதை அவ்விலங்கின் இயல்பே வகுக்கின்றது. சந்தையின் அவா அதனை வகுத்தல் ஆகாது.

பயிரிடுவோர் அறிய வேண்டியவை

நம் அங்கத்தினருள் பயிரிடுவோர்க்கும் இச்சட்டம் தொடர்புடையது. வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் பொருள் விரிந்தது. சுடுதல் மட்டுமன்றிக் கண்ணி வைத்தல், பொறி வைத்தல், நஞ்சிடுதல் ஆகியனவும் அவற்றிற்கான முயற்சியும் வேட்டையே. கிணற்று மோட்டாரின் மின்சாரத்தை நேரே வேலிக்கம்பியில் பாய்ச்சுவதும், பழத்தினுள் வெடிமருந்து வைப்பதும் இதனுள் அடங்கும். அவ்வேலியில் யானை விழுந்தாலும், மயில் விழுந்தாலும் அவை முதல் அட்டவணை உயிரினங்கள். மாடு மேய்க்கும் சிறுவன் விழுந்தால் அதற்கு எந்தத் தண்டனையும் ஈடாகாது.

பயிரழிவு சிறு துன்பமன்று. அதனைச் சட்டமும் அறியும். இரண்டாம் அட்டவணை விலங்கு உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ அபாயமாயின், தலைமை வனவுயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் காரணம் காட்டி அதனை வேட்டையாட அனுமதிக்கலாம். காட்டுப்பன்றி அவ்வட்டவணையைச் சேர்ந்ததே. உயிர் காக்க நல்லெண்ணத்தோடு செய்த கொலை குற்றமாகாது. ஆனால் கொல்லப்பட்ட விலங்கும் அதன் உறுப்புகளும் அரசின் உடைமை. அரசின் உடைமையாகிய அத்தகைய பொருள் தம் வசம் வந்தால், 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவித்தல் வேண்டும். தனித்தனியே மனு எழுதும் உழவரைவிட, அழிவைக் கணக்கிட்டு ஒரே மனுவாக அளிக்கும் சங்கத்திற்கு விரைவில் விடை கிடைக்கும்.

சங்கத்தின் பங்கு

காஷ்மீரத்து நெசவாளர் துன்புற்றதற்கு வேர்க்காரணம் அவர்தம் தனிமையே. உரோமத்தைத் தந்தவர் வியாபாரி. அதன் கதையைச் சொன்னவரும் அவரே. சால்வையைக் கொண்டுசென்றவரும் அவரே. நெசவாளர் ஒருவர் தனியே நின்று மூலப்பொருளின் பிறப்பை விசாரித்தால் அவர்க்கு வேலை போகும். ஆயிரம் நெசவாளர் சங்கமாக நின்று விசாரித்தால் வியாபாரி விடை சொல்லியே ஆக வேண்டும்.

எனவே, கொள்முதல் செய்யும் ஒவ்வொரு சங்கமும் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் நன்று. உரோமம், தந்தம், கொம்பு, தோல், இறகு முதலிய உயிரினப் பொருள் எதுவும் தறிக்கோ, அணிவேலைக்கோ வருமாயின், அதன் பிறப்பிடம் குறித்த எழுத்துச் சான்றின்றிக் கையெழுத்திடலாகாது. அடுத்து, ஒரு தொழில் தடைக்கு உள்ளாகும் அறிகுறி தோன்றும்போதே, அத்தொழிலாளர்க்குரிய மாற்றுச் சரக்கையும் பயிற்சியையும் கேட்டு அரசிடம் முன்கூட்டியே விண்ணப்பித்தல் வேண்டும்.

மோதிரத்தினுள் நுழையும் சால்வையை நெய்த கை இகழ்ச்சிக்குரியதன்று. அக்கையின் திறமை பஷ்மினாவில் இன்றும் விளங்குகின்றது. அத்திறமைக்குத் தக்க கூலியும், மறைவற்ற மூலப்பொருளும் கிடைக்குமாறு செய்தல் சட்டத்தால் மட்டும் முடியாது. நெசவாளர் தாமே கூடி நடத்தும் சங்கங்களாலேயே முடியும்.